இன்னும் இரண்டு பாயிண்ட் கொடுங்கள்

தமிழ்ப் புத்தகங்களில் எனக்குள்ள பெரிய குறை அட்டையும் இல்லை, தாளும் இல்லை. வரிகளுக்கு நடுவே விடும் இடம்தான். நல்ல எழுத்து, கவனமாகத் திருத்திய புரூஃப், கண்ணை உறுத்தாத தாள் என்று எல்லாம் இருந்தும் பத்துப் பக்கத்துக்குள் கண் களைத்துப்போனால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பாருங்கள். மேல் வரியில் இருக்கும் ‘ழு’வின் வால் கீழ் வரியின் புள்ளிமேல் இறங்கியிருக்கும். ஒரு ‘நூ’வும் ஒரு ‘பீ’யும் முட்டிக்கொண்டு நிற்கும். பக்கம் முழுவதும் ஒரே கறுப்பாகத் தெரியும். படிக்கிறவர் “என்னவோ இந்தப் புத்தகம் ஓடவே மாட்டேன் என்கிறது” என்று எழுத்தாளரைக் குறை சொல்லிவிட்டு மூடிவைத்துவிடுவார்.

பக்கம் வடிவமைப்பது என் தொழில். அதனால் இதைப் பற்றி எப்போதும் யாரிடமாவது பேசிக்கொண்டேயிருக்கிறேன். பெரும்பாலும் பதிப்பாளரிடம், அதுவும் “இன்னும் இரண்டு பாயிண்ட் கொடுங்கள்” என்று கேட்டுத்தான். பாயிண்ட் என்பது அச்சில் எழுத்தையும் வரியிடைவெளியையும் அளக்கும் அலகு. ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதை ஒரு முறை முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் எழுத்தையே பார்ப்போம். ‘படிக்கிறார்கள்’ என்ற சொல்லில் எட்டு எழுத்துகள் இருக்கின்றன. அவற்றில் டி, க், கி, ர், ள் என ஐந்து எழுத்துகள் தலைக்கு மேல் எதையாவது சுமக்கின்றன. புள்ளி அல்லது இகரத்தைக் காட்டும் மேல்விலங்கு. ‘றா’வுக்குக் கீழே ஒரு வால், ‘ர்’ருக்குக் கீழே ஒரு கால். இதே வினையை ஆங்கிலத்தில் ‘ரீடிங்’ (reading) என்று எழுதினால் ஏழு எழுத்தில் ‘டி’ ஒன்று மேலே நீளும், ‘ஜி’ ஒன்று கீழே இறங்கும், ‘ஐ’க்கு ஒரு சின்னப் புள்ளி. மற்றவை எல்லாம் நடுவிலேயே அடக்கமாக உட்கார்ந்துவிடும். ஆங்கில வரி ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெளிச்சம் தானாகவே கிடைக்கிறது. தமிழில் அந்த இடத்தில்தான் புள்ளிகளும் விலங்குகளும் சுழிகளும் வசிக்கின்றன. ஒரே அளவு இடைவெளி கொடுத்தாலும் தமிழுக்கு மிஞ்சுவது குறைவு.

ஓலையில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. ஏட்டில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. சொல்லுக்குச் சொல் இடமும் விடுவதில்லை. பழைய ஏடுகளைப் பார்த்தால் வரிகள் நெருக்கமாகவே ஓடும். படிப்பவர் பாட்டை ஏற்கனவே பாதி அறிந்தவர், அல்லது வாய்விட்டு நிதானமாகப் படிப்பவர். அச்சு வந்து, புள்ளி நிலைபெற்று, கண்ணால் வேகமாகப் படிக்கும் பழக்கமும் வந்த பிறகுதான் எழுத்தின் மேல் பக்கம் இவ்வளவு கூட்டமாயிற்று.

அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் குறைத்தது 1978-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம். பெரியார் 1930-களிலிருந்தே தம் பத்திரிகையில் பயன்படுத்திவந்த வடிவங்கள் அவை. பழைய ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை போன்ற வளைவு எழுத்தின் தலைக்கு மேல் ஏறி நிற்கும். பழைய ணா, றா, னா கீழே சுழித்துக்கொண்டு இறங்கும். இவை போனபோது அச்சுக்கோப்பவர்களின் பெட்டியில் எழுத்துகள் குறைந்தன என்றுதான் எல்லாரும் பேசுகிறோம். வரிக்கு மேலும் கீழும் கொஞ்சம் இடம் காலியானது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உகர, ஊகார எழுத்துகளையும் தனிக் குறியாகப் பிரித்துவிடலாம் என்று கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி போன்றவர்கள் பிற்காலத்தில் வைத்த யோசனை நடைமுறைக்கு வரவில்லை. வராததில் எனக்கு மகிழ்ச்சிதான். ‘மு’வும் ‘ளு’வும் ‘நூ’வும் இல்லாத தமிழை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. அவற்றை வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டோம். அப்படியானால் அவற்றுக்கு உரிய இடத்தையும் கொடுக்க வேண்டும்.

ஈய எழுத்துக் காலத்தில் ஓர் எழுத்து இன்னோர் எழுத்தின் மேல் ஏறவே முடியாது. ஒவ்வோர் எழுத்தும் ஓர் உலோகக் கட்டையின் தலையில் வார்க்கப்பட்டிருக்கும். பன்னிரண்டு பாயிண்ட் எழுத்து என்றால் அந்தக் கட்டையின் உயரம்தான் பன்னிரண்டு பாயிண்ட். ‘ழு’வின் வாலும் ‘கீ’யின் சுழியும் அந்தக் கட்டைக்குள் அடங்கியாக வேண்டும். வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அப்படியே அடுக்கினால் அது ‘சாலிட்’. காற்று வேண்டுமென்றால் நடுவே ‘லெட்’ போடுவார்கள். எழுத்தைவிட உயரம் குறைந்த, மை படாத ஈயத் தகடு. ஒரு பாயிண்ட், இரண்டு பாயிண்ட் என்று கனம் இருக்கும். பாயிண்ட் என்பது ஏறத்தாழ அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. இரண்டு பாயிண்ட் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் அதைப் போட்ட பக்கத்தையும் போடாத பக்கத்தையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும்.

கணினி வந்ததும் அந்தக் கட்டை போய்விட்டது. இப்போது எழுத்து வெறும் கோட்டுருவம். பன்னிரண்டு பாயிண்ட் எழுத்துக்குப் பதினொரு பாயிண்ட் வரி அளவு கொடுத்தாலும் மென்பொருள் மறுக்காது. ஒன்றின் மேல் ஒன்றாக வரிகளை ஏற்றிவிட்டுப் பேசாமல் இருக்கும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ‘ஆட்டோ’ என்று விட்டால் எழுத்தளவில் 120 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும்; பத்து பாயிண்டுக்குப் பன்னிரண்டு. ஆங்கிலத்துக்கே அதைக் குறைந்தபட்சமாகத்தான் சொல்வார்கள். தமிழுக்கு அது பல எழுத்துருக்களில் போதவே போதாது. ஆனாலும் கடையில் எந்தத் தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்தாலும் அந்த 120 சதவீதம் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தானாக வந்தது, அப்படியே அச்சுக்குப் போய்விட்டது.

எழுத்துரு செய்பவர்களுக்கும் இது தீராத தலைவலி. அவர்களுக்கு இரண்டு வழி உண்டு. மென்பொருளும் ஆங்கில எழுத்தும் எதிர்பார்க்கும் உயரத்துக்குள் தமிழ் எழுத்தைச் சுருக்கி அடக்கலாம். அப்படிச் செய்தால் ஆங்கிலத்தின் பக்கத்தில் தமிழ் சிறுத்துத் தெரியும். இல்லையென்றால் எழுத்தை இயல்பான அளவில் வைத்துவிட்டு, ‘எனக்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு வேண்டும்’ என்று எழுத்துருவுக்குள்ளேயே பெரிய அளவு எழுதிவைக்கலாம். அப்போது ஆங்கிலப் பத்தியின் நடுவே ஒரு தமிழ்ச் சொல் வந்தால் அந்த வரி மட்டும் கீழே தள்ளிக்கொண்டு போகும். ஒரே பாயிண்ட் அளவில் இரண்டு தமிழ் எழுத்துருக்களைத் தட்டிப் பார்த்து, ஒன்று ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று குழம்பியவர்களுக்குக் காரணம் இதுதான்.

இந்தச் சுருக்கும் வேலை கணினிக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்குவின் அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். அவை மிகப் பெரியவை. தாளோ கப்பலில் வரவேண்டும். அந்த எழுத்தில் வேதாகமத்தை அச்சிட்டால் தாள் கட்டுப்படியாகாது. அதனால் பக்கத்தில் பொறையாற்றிலேயே அளவில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அவர்கள் செய்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. தாள் தட்டுப்பாடு இருக்கும்போது எழுத்தைச் சிறிதாக்குவது நியாயமான வழி. அன்றைக்கே அவர்கள் எழுத்தின் அளவில்தான் கைவைத்தார்கள் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அங்கே திரும்ப வருகிறேன்.

அதே சுருக்கம் நம் கைப்பேசியிலும் நடந்தது. ஆண்ட்ராய்டில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், குஜராத்தி, ஒடியா, தாய், பர்மியம், அரபு போன்ற உயரமான எழுத்துகளுக்கு, பொத்தான்களிலும் பட்டியல்களிலும் அடங்குவதற்காகவே உயரத்தைக் குறைத்துச் செய்த தனி எழுத்துருக்கள் இருந்தன. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 பதிப்பிலிருந்து, ‘இந்த இடத்தில் முழு உயர எழுத்தைக் காட்டு’ என்று செயலி எழுதுபவர் சொல்ல ஒரு வசதி கொடுத்தார்கள். ஆனால் அவர் சொன்னால்தான். சொல்லாவிட்டால் சுருங்கியதுதான். ஆண்ட்ராய்டு 13-இல் இத்தகைய எழுத்துகளுக்கு வரியின் குறைந்தபட்ச உயரத்தையே கூட்டினார்கள். 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காக வைத்துச் செய்யப்படும் செயலிகளில்தான் முழு உயரம் இயல்பான ஏற்பாடாயிற்று. பத்து ஆண்டுகள்! கைப்பேசியில் தமிழ் படிக்கும் எவ்வளவு பேர் அந்தப் பத்து ஆண்டும் குறுகிய எழுத்தைப் படித்திருப்பார்கள்! இந்த மாற்றம் வந்தபோது எங்கள் வட்டத்தில்கூடப் பெரிய பேச்சு இல்லை. எனக்கு அது அந்த ஆண்டின் நல்ல செய்திகளில் ஒன்று.

சரி, புத்தகத்துக்கு வருவோம். பதிப்பாளர்கள் இடைவெளியைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் தெளிவானது. பணம். அதைக் கணக்கோடு பேசுவதே நல்லது.

டெம்மி அளவுப் புத்தகத்தில், அதாவது ஐந்தரைக்கு எட்டரை அங்குலப் பக்கத்தில், எழுத்து நிற்கும் பகுதி ஏழு அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். 504 பாயிண்ட். வரிக்கு 14 பாயிண்ட் கொடுத்தால் பக்கத்துக்கு 36 வரி. 16 கொடுத்தால் 31 வரி. 18 கொடுத்தால் 28 வரி. 14 பாயிண்டில் 200 பக்கம் வரும் நாவல் 16 பாயிண்டில் ஏறக்குறைய 233 பக்கம் ஆகும், 18-இல் 258. பாரம் என்பது ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் தொகுதி; பதினாறு பக்கப் பாரத்தில் கணக்கிட்டால் 12.5 பாரமாக இருந்தது 14.5-ஐத் தாண்டும். தாள், அச்சுக்கூலி, பைண்டிங் எல்லாம் அதோடு ஏறும். சில நூறு பிரதிகள் மட்டும் அச்சிடும் சிறு பதிப்பகத்துக்கு இரண்டு பாரம் சின்ன விஷயமே இல்லை. எனக்கு அது புரிகிறது.

புரிந்துகொண்டுதான் கேட்கிறேன். பாரத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் இடைவெளியை விட்டுவிட்டு எழுத்தின் அளவைக் குறையுங்கள். பதினொன்றரை பாயிண்ட் எழுத்தைப் பதினான்கில் நெருக்கிக் கோப்பதைவிட, பத்தரை பாயிண்ட் எழுத்தைப் பதினைந்திலோ பதினாறிலோ வைத்தால் படிக்க எளிதாக இருக்கும். எழுத்து சிறுக்கும்போது ஒரு வரிக்குள் இன்னும் சில சொற்கள் அடங்கும். அதனால் வரிகளின் எண்ணிக்கையும் குறையும். போன பக்கங்களில் ஒரு பங்கு அங்கேயே திரும்ப வந்துவிடும். பொறையாற்றில் அவர்கள் தேர்ந்த வழியும் இதுதான். பெரிய எழுத்து இருந்தால் படிக்க எளிது என்று நம்பி, இடைவெளியைத் தின்றுவிட்டு எழுத்தைப் பெரிதாக்கும் புத்தகங்கள்தான் எல்லாவற்றிலும் மோசம். வயதானவர்களுக்கென்று ‘பெரிய எழுத்தில்’ வெளியிடப்படும் பக்திப் புத்தகங்கள் சிலவற்றில் இதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். யாருடைய கண்ணுக்கு உதவ வேண்டும் என்று செய்தார்களோ அவர்களுக்கே அது கூடுதல் சிரமம்.

அப்புறம், வரி இடைவெளியை மட்டும் தனியாகத் தீர்மானிக்க முடியாது. சொற்களுக்கு நடுவே விடும் இடம் அதோடு பிணைந்தது. சொல்லிடைவெளியைவிட வரியிடைவெளி கண்ணுக்குத் தெரிகிற அளவில் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண் பக்கவாட்டில் போவதற்குப் பதிலாகக் கீழே நழுவும். 1940-களின் இறுதியில் பெங்குயின் பதிப்பகத்தின் புத்தகங்களைச் சீரமைத்த யான் சிஷோல்ட், அங்கிருந்த அச்சுக்கோப்பவர்களுக்காக எழுதிய விதிகளில் சொற்களை எவ்வளவு நெருக்க முடியுமோ அவ்வளவு நெருக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் அது முடியும். சொற்கள் குட்டையானவை, முடியாத இடத்தில் ஒட்டுக்குறி போட்டுச் சொல்லை உடைக்கலாம்.

தமிழில் ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரே சொல் அரை வரியைப் பிடித்துக்கொள்ளும். இரு ஓரமும் நேராக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், அந்தச் சொல் அடுத்த வரிக்குப் போய்விட, மிச்சமிருக்கும் மூன்று சொற்கள் வரியெங்கும் சிதறி நிற்கும். நடுவே பெரிய பள்ளங்கள். நாலைந்து வரிகளில் அந்தப் பள்ளங்கள் ஒன்றன்கீழ் ஒன்று அமைந்துவிட்டால் பத்தியின் நடுவே வெள்ளையாக ஓர் ஆறு ஓடும். பழைய அச்சகத்துக்காரர்களும் நாளிதழ்க்காரர்களும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வரி முடியும் இடத்தில் எந்த எழுத்தில் வேண்டுமானாலும், குறியே போடாமல், சொல்லை உடைத்துவிடுவார்கள். பார்க்கக் கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் வரியின் நிறம், அதாவது கறுப்பும் வெள்ளையும் கலந்திருக்கும் அளவு, சீராக இருக்கும். தமிழ் வாசகர்களும் அதைத் தடங்கல் இல்லாமல் படித்துப் பழகியிருந்தார்கள். இன்றைய வடிவமைப்பாளர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம், அதன் இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. நான் உடைக்கலாம் என்னும் கட்சி. மெய்யெழுத்து வரியின் தொடக்கத்தில் வந்து விழாமல் உடைத்தால் போதும். உடைக்க மனமில்லாதவர்கள் வலது ஓரத்தைச் சீரில்லாமல் விட்டுவிடலாம். இரண்டும் ஒப்பவில்லையென்றால் பள்ளங்களை ஈடுகட்ட வரியிடைவெளியை இன்னும் கூட்ட வேண்டியிருக்கும். அதற்குத் தாள் செலவாகும்.

இன்னொரு விஷயம், கையில் பிரதியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நம் புத்தகங்களில் பல 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாளில் வருகின்றன. பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் லேசாக நிழலாடும். முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒரே உயரத்தில் அமைந்திருந்தால் அந்த நிழல் எழுத்துக்குப் பின்னாலேயே மறைந்துவிடும், இடைவெளி வெள்ளையாகவே இருக்கும். உயரம் மாறினால் பின்பக்க வரி முன்பக்க இடைவெளிக்குள் சாம்பல் கோடாகத் தெரியும். நாம் பணம் கொடுத்து வாங்கிய இரண்டு பாயிண்டும் வீண். துணைத்தலைப்புக்கு மேலும் கீழும் மனம்போன போக்கில் இடம் விடுவதால்தான் பெரும்பாலும் இது நேர்கிறது. வரியளவு 16 என்றால் தலைப்பு, மேற்கோள், பத்திகளுக்கு இடையேயான இடம் எல்லாம் சேர்ந்து 16-இன் மடங்கில் முடிய வேண்டும். இதைச் செய்யக் கூடுதலாக ஒரு பைசா செலவில்லை.

அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் இடைவெளி பற்றிய பேச்சு விதியாகவே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2020-இல், மனுக்களை ஏ4 தாளில் இரு பக்கமும் அச்சிடலாம், எழுத்து 14 பாயிண்ட், வரியிடைவெளி ஒன்றரை என்று அறிவித்தது. ஆங்கிலத்துக்கு, அதுவும் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துருவுக்குச் சொன்னது. அதே ‘ஒன்றரை’யைத் தமிழில் போட்டால் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு பக்கம் கிடைக்கும், ஏனென்றால் வேர்டில் ‘ஒன்று’ என்பதே அந்தந்த எழுத்துருவுக்குள் எழுதியிருக்கும் உயரத்தைப் பொறுத்தது. வேர்டு தானாகப் போடும் அளவுகூட நிலையாக இல்லை. வேர்டின் 2007 பதிப்பில் தானாக வரும் இடைவெளி 1.15 ஆயிற்று, 2013-இல் 1.08 ஆயிற்று. தமிழில் வேர்டைப் பயன்படுத்துபவர்களுக்கு நான் சொல்வது: ‘எக்ஸாக்ட்லி’ என்ற தேர்வை எழுத்தளவுக்கு ஒட்டிய எண்ணோடு போடாதீர்கள், மேல்விலங்கின் தலை வெட்டுப்படும். ‘மல்டிபிள்’ போட்டுக் கண்ணால் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வலைப்பக்கம் நடத்துகிறவர்களுக்கு வேலை இன்னும் எளிது. தாள் செலவே கிடையாது. பெரும்பாலான வார்ப்புருக்கள் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை, லைன்-ஹைட், அதாவது வரியளவு எழுத்தளவில் எத்தனை மடங்கு என்பது, 1.4, 1.5 என்று இருக்கும். தமிழுக்கு நான் 1.7-இலிருந்து தொடங்குவேன். கைப்பேசித் திரையில் வரி குட்டையாக இருப்பதால் 1.6 போதும். அகலமான கணினித் திரையில் வரி நீளமாக ஓடினால் 1.8 தேவைப்படும். ஒரு வரி முடிந்து அடுத்ததன் தொடக்கத்துக்குக் கண் திரும்பிவரும் தூரம் கூடக் கூட, வழி தவறாமலிருக்க வெள்ளை அதிகம் வேண்டும். எண்ணை அலகு இல்லாமல் வெறும் எண்ணாகக் கொடுங்கள். எழுத்தளவு மாறும்போது இடைவெளியும் கூடவே மாறிக்கொள்ளும். பொத்தானுக்கும் பெட்டிக்கும் உயரத்தைக் கட்டிப்போடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான வலை அணுகல் விதிகளின் 2.1 பதிப்பு 2018-இல் வந்தபோது, வாசகர் வரியிடைவெளியை எழுத்தளவில் ஒன்றரை மடங்காக ஆக்கிக்கொண்டாலும் எதுவும் வெட்டுப்படவோ மறையவோ கூடாது என்றது. அதைச் சோதிக்கும்போது தமிழ்ச் சொற்களைப் போட்டுச் சோதியுங்கள்.

அதிகமாகவும் போகக் கூடாதா என்றால், கூடாது. பக்கக் கணக்கைக் காட்டுவதற்காக எழுத்தளவைப் போல இரண்டு மடங்கு இடம் விட்ட புத்தகங்களும் இருக்கின்றன. வரிகள் ஒன்றோடொன்று உறவில்லாமல் தனித்தனியாக மிதக்கும். பத்தி என்ற உருவமே கலைந்துவிடும். கவிதைக்கு அது இன்னும் கெடுதல். அடிகளுக்கு நடுவே அவ்வளவு இடம் விட்டால் கண்ணி எங்கே முடிகிறது என்பது தெரியாது.

எந்த எண் சரி என்று என்னைக் கேட்டால் எழுத்துருவைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் சோதிக்க ஒரு வழி உண்டு. மேல் வரியில் ‘முழுநூலும் குழுவுக்கு ஒழுங்குறும்’ என்று வால் உள்ள எழுத்துகளாக அடியுங்கள். அதன் நேர் கீழே ‘ஸ்ரீதர் வீட்டில் பீர்க்கங்கீற்று’ என்பதுபோலத் தலை நீண்ட எழுத்துகளாக அடியுங்கள். பொருள் வர வேண்டாம். இதையே மாற்றி மாற்றி ஒரு பக்கம் நிரப்பி, எந்த அளவில் புத்தகம் வரப்போகிறதோ அதே அளவில், அதே தாளில் அச்செடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்ப வேண்டாம். வாலும் தலையும் எங்காவது தொட்டால் எண் தப்பு. தொடாமல், ஆனால் நடுவே ஒரு புள்ளி வைக்கக்கூட இடமில்லாமல் இருந்தால் இரண்டு பாயிண்ட் கூட்டி இன்னொரு தாள் எடுங்கள். இரண்டையும் வடிவமைப்போடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம், முடிந்தால் கண்ணாடி போட்ட ஒருவரிடம் கொடுத்து, எதைப் படிப்பீர்கள் என்று கேளுங்கள். பாரக் கணக்கோடு பதிப்பாளரிடம் போகும்போது அந்த இரண்டு தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.